கொடியில் ஏறிய கொடி

கொல்லையில் துணி உலர்த்துகிற கொடியில் ஒரு கொடி ஏறியிருந்தது. ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போனவன், கிணற்றடியில் கால் கழுவும்போதுதான் கவனித்தேன். துவைகல்லுக்கும் கிளுவை வேலிக்கும் நடுவே, யாரும் ஊன்றாமல், துவைத்த தண்ணீரைக் குடித்தே ஆள் உயரம் வளர்ந்து, நைலான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்குப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு இலை. காம்பு சேரும் இடத்தில் உள்வாங்கிய வெட்டு. விளிம்பில் மூன்று, சிலவற்றில் ஐந்து, மழுங்கிய கோணங்கள். அவற்றுக்கு இடையே சின்னச் சின்னப் பற்கள். தளிர் இலையைப் புரட்டினால், திருநீறு பூசி உலர்ந்த நெற்றிபோல ஒரு சாம்பல் படிவு.

“திராட்சைடா அது” என்று அடுக்களை வாசலில் இருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார் பெரியம்மா. “போன பொங்கலுக்கு உன் தம்பி பன்னீர் திராட்சை வாங்கிட்டு வந்தானே, பிள்ளைங்க எல்லாம் துவைகல்லு மேல உக்காந்துதான் தின்னுச்சுங்க. கொட்டையை அங்கேயேதான் துப்பிச்சுங்க. வெட்டிக்கிட்டிப் போட்டுடாதே.”

இடம், காலம், ஆள் மூன்றும் பொருந்துகிற சாட்சியம். இலையும் ஒத்துப்போகிறது. எதிர்த்துச் சொல்ல என்னிடம் இருந்தது ஒரு சந்தேகம் மட்டும்தான். திருவையாற்றை அடுத்த எங்கள் குடமுருட்டிக் கரையில் வாழை உண்டு, கரும்பு உண்டு, அகத்தியில் ஏறிய வெற்றிலை உண்டு, மற்றதெல்லாம் நெல். திராட்சைப் பந்தலை இந்தப் பக்கம் நான் கண்டதில்லை. தவிரவும், திராட்சைக் கொட்டை நல்ல குளிரில் சில வாரம் கிடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். நம் மார்கழிப் பனியை அது குளிரென்றே மதிக்காது. (பழம் கடைக்காரரின் குளிர்பெட்டியில் கிடந்திருந்தால் கதை வேறு. அதைப் பெரியம்மாவிடம் நான் சொல்லவில்லை. எதிர்க்கட்சிக்கு நாமே ஏன் ஆதாரம் எடுத்துக் கொடுக்க வேண்டும்?)

இலையை நம்பிக் கொடிக்குப் பெயர் வைப்பது, முகத்தை மட்டும் பார்த்துப் பெண் கொடுக்கிற மாதிரி. கோவை இலைக்கும் கோணம் உண்டு, பாகல் இலைக்கும் வெட்டு உண்டு. ஒரே கோவைக் கொடியில் அடியிலை ஒரு சாயல், நுனியிலை ஒரு சாயல். இதை எனக்குப் புத்தகம் சொல்லித்தரவில்லை. சின்ன வயதில், நடவு முடிந்து இருபதாம் நாள் களையெடுப்புக்கு வந்த ஓர் அம்மா சொல்லித்தந்தார். வயலில் நெல்லோடு நெல்லாக நெற்சக்களத்தி நிற்கும். பெயரே போதும், அதன் குணம் தெரிந்துவிடும். அதே பச்சை, அதே உயரம், அதே வரிசையில் நட்டதுபோல நிற்கும். களையென்று நினைத்து நான் பிடுங்கிய கைப்பிடி நாற்றில் பாதி நெல். அந்த அம்மா ஒன்றைக் கையில் எடுத்து, “தம்பி, மொகத்தைப் பாக்காதே, கழுத்தைப் பாரு” என்றார். இலை தாளைவிட்டுப் பிரிகிற இடத்தில் நெல்லுக்கு வெள்ளையாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் மயிர் முளைத்த பிறைபோலக் காதுகள் இருக்கும். சக்களத்திக்கு நாக்கும் கிடையாது, காதும் கிடையாது, கழுத்து மொட்டை. குனிந்த நிலையில், முழங்கால் சேற்றில், ஒரு நிமிடத்தில் இருபது கழுத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற கண்கள் அவை. தாவரவியல் படித்தவர்கள் புல்லினத்தைப் பிரிப்பதும் இதே நாக்கையும் காதையும் வைத்துத்தான் என்பது பின்னால் தெரிந்தது.

ஆகவே கொடியின் கழுத்தைப் பார்த்தேன். கும்பகோணத்தில் நெசவுக்காரர்கள் இழை எண்ண வைத்திருக்கும் மடக்குக் கண்ணாடி ஒன்று என்னிடம் உண்டு. அதை எடுத்துக்கொண்டு, கிணற்றடிக் கொடிக்குப் போகும் முன், ஒப்புநோக்க வேலி நெடுக ஒரு நடை நடந்தேன்.

கொடி என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொன்றும் ஏறுகிற வித்தை வேறு. சங்குப்பூவும் அவரையும் தம் உடம்பையே கொம்பில் சுற்றி ஏறும். வெற்றிலை கணுவுக்குக் கணு சின்ன வேர்விட்டு அகத்தியின் பட்டையைக் கவ்வும். அது போதாதென்று கொடிக்கால்காரர் வேறு கட்டிவிடுவார். பற்றுக்கம்பி வைத்து ஏறுகிற கூட்டம் தனி. கம்பியின் சுருளை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்தக் கம்பி எங்கிருந்து புறப்படுகிறது என்பதில்தான் குலம் தெரிகிறது. கோவையில் பாருங்கள், பாகலில், புடலையில், பீர்க்கையில் பாருங்கள்: கம்பி இலைக்காம்பின் விலாவில், கொஞ்சம் ஒதுங்கி, பக்கத்து வீட்டுக்காரன்போல நிற்கும். சிறுபூனைக்காலியில் இலையின் கக்கத்துக்குள்ளிருந்தே வரும், பூவும் அதே கக்கத்தில். செங்காந்தளுக்குத் தனியாகக் கம்பியே இல்லை, இலையின் நுனியே நீண்டு சுருண்டு கம்பியாகிவிடும். நம் மாநில மலருக்கு இலையே கை. முடக்கத்தான் இன்னும் வேடிக்கை. அது பூங்கொத்தின் காம்பில், பூக்களுக்குச் சற்றுக் கீழே, இரட்டையாகக் கம்பி வைத்திருக்கும்; பூவைத் தூக்கிக்கொண்டே பிடிமானமும் தேடும். தோசைக்கு இலை பறிக்கிறவர்கள் அந்த இரண்டு குட்டிச் சுருளைப் பார்த்திருப்பார்கள், யோசித்திருக்க மாட்டார்கள்.

கிணற்றடிக் கொடியில் கம்பி கக்கத்தில் இல்லை, விலாவிலும் இல்லை, இலை நுனியிலும் இல்லை. கணுவில் இந்தப் பக்கம் இலை என்றால், நேர் அந்தப் பக்கம் கம்பி. தராசின் இரண்டு தட்டுபோல இலைக்கு எதிரே சுருள். செடி உலகில் இது அபூர்வமான அமைப்பு. இதைக் குலச்சின்னமாக வைத்திருப்பது திராட்சைக் குடும்பம்தான். 900க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள பெரிய குடும்பம். ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் இதே முத்திரை.

பெரியம்மா பாதி ஜெயித்துவிட்டார். குலம் சரி. ஆள் அதேதானா என்பது பாக்கி.

அந்தக் கம்பியை விட்டுக் கண்ணை எடுக்கவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இளங்கம்பி நேராகக் காற்றில் நீண்டிருக்கும், நுனி மட்டும் தூண்டில் முள்ளைப்போல லேசாக வளைந்து. காலையில் பார்த்தபோது வேலிப் பக்கம் நீட்டியிருந்தது மத்தியானம் கிணற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது வெளியில் வட்டம் போட்டுத் துழாவுகிறது, கண் தெரியாதவர் திண்ணையில் கைத்தடியைத் தேடுகிற மாதிரி. கயிறோ குச்சியோ தட்டுப்பட்டால் தொட்ட பக்கம் மடங்கிக்கொள்ளும், இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கும். அதற்குப் பிறகுதான் அழகு. பிடித்த நுனிக்கும் தண்டுக்கும் நடுவே தொங்குகிற நேரான பகுதி, ஓரிரு நாளில் வில்கம்பியாகச் சுருளத் தொடங்குகிறது. தண்டு கயிற்றுக்கு அருகே இழுபடுகிறது. சுருளை உற்றுப் பார்த்தால் பாதி தூரம் வலமாகச் சுழன்றிருக்கும். நடுவில் கடுகளவு ஒரு நேர்க்கோடு. பிறகு மீதிப் பாதி இடமாகச் சுழன்றிருக்கும்.

ஏன் இப்படி? ஜடைநாடா ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நடுவில் முறுக்கிப் பாருங்கள். இரண்டு முனையும் கட்டுண்ட பொருளை ஒரே திசையில் முறுக்க முடியாது. ஒரு பாதி எவ்வளவு வலம் போகிறதோ, அவ்வளவு மறுபாதி இடம் போனால்தான் கணக்குத் தீரும். எதையும் பிடிக்காமல் தோற்றுப்போன கம்பியில் இந்தத் திருப்பம் இருக்காது. அது ஒரே பக்கமாகச் சுருண்டு உலர்ந்து உதிரும். சார்லஸ் டார்வின் 1865இல் ஏறுகொடிகளைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் இந்த இரட்டைச் சுழலை விளக்கியிருக்கிறார். உடல்நலமில்லாமல் படுத்திருந்த நாட்களில் அறையில் தொட்டிச் செடிகளை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கம்பிகளின் நடமாட்டத்தைக் குறித்தவர் அவர். அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்று அடித்தபோது எங்கள் கொடி என்ன செய்தது என்று அவர் பார்த்திருக்க வேண்டும். வேலியில் பூவரசங்கிளை ஒன்று முறிந்து விழுந்தது. கொடி மட்டும் நாலு விரற்கடை நீண்டது, சுருங்கியது, நீண்டது. ஒரு கம்பிகூட அறவில்லை.

சோழர் கோயில் நிலைக்கால்களில் கொடிக்கருக்கு ஓடுமே, அதிலும் சுழி உண்டு, சுழிக்குச் சுழி திசை மாறுவதும் உண்டு. கல்லில் ஓடுகிற கொடிக்கு மட்டும் இனம் கிடையாது. இலைக்கு எதிரே என்ன நிற்கிறது என்று மடக்குக் கண்ணாடியோடு போய்த் தேடினால் சிற்பி சிரிப்பார்.

அடுத்த மாதம் தேனிப் பக்கம் ஒரு கல்யாணம் வந்தது. முகூர்த்தம் முடிந்த கையோடு சுருளிப்பட்டிக்குப் போய்விட்டேன். கொடிச்சுருளைத் தேடி அந்தப் பெயருள்ள ஊருக்கே போக நேர்ந்தது என் பாக்கியம். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் பச்சைக் கூரையாகத் திராட்சைப் பந்தல். கீழே நிழலில் நிமிர்ந்து நடக்கலாம், தலைக்கு மேலே கொத்துகள் தொங்கும். நாம் பன்னீர் திராட்சை என்கிற ரகத்துக்கு உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர்நாட்டில் திராட்சை இலையுதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் விழித்துப் பூக்கும். இங்கே அதற்குத் தூக்கமே இல்லை. விவசாயி கவாத்துக் கத்தியை எடுத்துக் கிளைகளை ஒட்ட நறுக்கும்போதுதான் அது விழித்து, புதுத்தளிரோடு பூங்கொத்தையும் நீட்டும். அதிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். ஒருவர் இன்று கவாத்து செய்வார், அடுத்த தோட்டத்துக்காரர் அடுத்த மாதம் செய்வார். ஒரே சாலையில் ஒரு பந்தலில் பூ, அடுத்ததில் பிஞ்சு, அதற்கடுத்ததில் கறுத்த பழம். கவாத்தே காணாத கொடி எங்கள் கொல்லையில் இருந்தால், அது திராட்சையாகவே இருந்தாலும் இலையைக் காட்டியே காலம் தள்ளியிருக்கும்.

தோட்டக்காரரிடம் கம்பி எங்கே வருகிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னேன். ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு புதுக்கிளையைத் தாழ்த்திப் பிடித்து, “எண்ணுங்க” என்றார். முதல் கணுவில் இலைக்கு எதிரே கம்பி. அடுத்த கணுவிலும் கம்பி. மூன்றாவது கணு வெறுமை. மறுபடி கம்பி, கம்பி, வெறுமை. திருவையாற்றுக்காரன் காதுக்கு இது வேறு என்னவாகக் கேட்கும்? தட்டு, தட்டு, வீச்சு. ரூபக தாளம். திராட்சைக் கொடி நுனிவரை தாளம் தப்பாமல் போட்டுக்கொண்டே போகிறது. குடும்பத்தில் பலருக்கும் இந்தத் தாளம் உண்டு என்பதால் இதை வைத்து எங்கள் வழக்கைத் தீர்க்க முடியாது. தெரிந்தும் இன்னொரு கிளையை எண்ணினேன்.

அவர் காட்டிய அடுத்த அதிசயம் ஒரு கம்பி. இரண்டாகக் கிளைத்தது, ஒரு கிளை ஒழுங்காகக் கம்பியைச் சுற்றியிருந்தது, மற்றதன் நுனியில் இரண்டே இரண்டு திராட்சை. “இதுக்கு எது ஆகணும்னு முடிவு பண்ணத் தெரியல” என்றார். திராட்சையில் பற்றுக்கம்பியும் பழக்கொத்தும் ஒரே மொட்டின் இரண்டு விதி. கொத்து வரவேண்டிய இடத்தில்தான் கம்பி வருகிறது, கம்பி நிற்கும் இடத்தில்தான் கொத்தும் நிற்கிறது. பழக்கொத்தையும் பாருங்கள், அதுவும் இலைக்கு எதிரேதான் தொங்கும். பற்றி ஏறுவதா, பழுத்துத் தொங்குவதா என்பதை இளமொட்டிலேயே உள்ளே ஏதோ ஒன்று முடிவு செய்கிறது.

அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்பதற்கு நெல்நாட்டுக்காரன் காது கொடுக்கவேண்டிய ஒரு பதில் இருக்கிறது. நெல் நாற்றில் ஒரு பூசண நோய் உண்டு. நோய் கண்ட நாற்று மற்றதைவிட மடமடவென்று உயர்ந்து, வெளுத்து, மெலிந்து, கதிர் காணாமல் சாயும். ஜப்பானியர் அதற்கு வைத்த பெயருக்குப் ‘புத்திகெட்ட நாற்று’ என்று அர்த்தம். 1926இல் தைவானில் பணியாற்றிய எய்ச்சி குரோசாவா, பூசணம் சுரக்கும் ஏதோவொரு பொருள்தான் நாற்றை இப்படி இழுத்துவிடுகிறது என்று காட்டினார். அந்தப் பொருளுக்குப் பின்னால் வந்த பெயர் ஜிப்ரலின். நோயில்லாத செடிகளும் அளவோடு அதைச் சுரந்துதான் வளர்கின்றன என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. இன்றைக்குக் கொட்டையில்லாத் திராட்சையைப் பருக்கவைக்கத் தோட்டங்களில் தெளிப்பது அதையேதான். 2002இல் ஆஸ்திரேலியாவில் பால் பாஸ், மார்க் தாமஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு குள்ளத் திராட்சையை ஆராய்ந்து சொன்னார்கள்: ஜிப்ரலினின் பேச்சைக் கேட்காத திராட்சைக் கொடியில், கம்பி வரவேண்டிய இடமெல்லாம் பூங்கொத்து வருகிறது. அதாவது, காவிரி வண்டலில் நாற்றைப் புத்திகெடவைக்கிற அதே பொருள்தான், சுருளிப்பட்டியில் ஒரு மொட்டைப் பார்த்து ‘நீ பழுக்க வேண்டாம், பிடித்து ஏறு’ என்கிறது. வயலுக்கும் பந்தலுக்கும் நடுவே இப்படியொரு ரகசியப் போக்குவரத்து இருப்பது எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. கல்யாணச் சாப்பாட்டை விட்டதற்கு வருத்தமே இல்லை.

ஊர் திரும்பி இதையெல்லாம் சொன்னால், பெரியம்மா அப்பளத்துக்கு உளுந்துமாவு பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்த தண்ணீர் பிரண்டைச் சாறு. அப்போதுதான் உறைத்தது. பிரண்டைக்கும் கம்பி இலைக்கு எதிரேதான்! கையிலிருந்த துண்டை வாங்கிப் பார்த்தேன். நாலு பட்டைத் தண்டு, கணுவுக்குக் கணு எலும்பு மூட்டுபோல ஒடுக்கம். மூட்டில் இந்தப் பக்கம் தடித்த ஒரு சின்ன இலை, அந்தப் பக்கம் கம்பி. இலை சீக்கிரம் உதிர்ந்துவிடும், கம்பி நிற்கும். அதனால் நமக்குப் பிரண்டை என்றால் இலையில்லாப் பட்டைத் தண்டுதான் ஞாபகம். ஐம்பது வருடமாக வாரத்துக்கு இரண்டு நாள் நாருரித்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளி வைத்துத் துவையல் அரைத்த கை அது. சில வீடுகளில் திதிச் சமையலில் பிரண்டை ஒன்று வைத்தால் 300 காய் வைத்ததற்குச் சமம் என்று கணக்கு. அவ்வளவு மரியாதை பெற்ற பிரண்டையை யாரும் திராட்சைக்கு உறவென்று ஒரு நாளும் அழைத்ததில்லை.

“அப்ப திராட்சையும் அரிக்குமா?” என்றார் பெரியம்மா. சரியான கேள்வி. இந்தக் குடும்பத்தின் தண்டிலும் இலையிலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள், ஊசி ஊசியாகக் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். சேனையிலும் சேப்பங்கிழங்கிலும் இருப்பவைதான். பிரண்டை நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவுவதும், துவையலில் புளி கூடுதலாக வைப்பதும் அந்த ஊசிகளுக்கு நம் பாட்டிமார் செய்த வைத்தியம். எனக்கு அந்த ஊசி நேரடியாகவே தெரியும். எட்டாவது படிக்கும்போது, மூன்று மூன்று சிற்றிலையாக விட்ட ஒரு வேலிக்கொடியில் கறுப்பாகத் தொங்கிய பழத்தைக் காட்டுத் திராட்சை என்று நினைத்து இரண்டு வாயில் போட்டேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு நாக்கின் அடியிலும் தொண்டையிலும் செங்குளவி புகுந்ததுபோல ஆயிற்று. மோர், புளித்தண்ணீர், வெல்லம் என்று மூன்று வீட்டு வைத்தியம் நடந்தது. அதற்கப்புறம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது அரிப்புக்கொடி. அதுவும் இதே குடும்பம், அதற்கும் கம்பி இலைக்கு எதிரே. பெயர் தெரியாத கொடியின் பழத்தைத் தின்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் என் தொண்டை தானாகக் கனைக்கும்.

பெயர் என்று வந்தால் திராட்சைக்கே ஒரு பெயர்க்குழப்பம் உண்டு. பழைய தமிழில் அது கொடிமுந்திரி, முந்திரிகை. பிரேசிலில் இருந்து போர்ச்சுக்கீசியர் கப்பலில் ஒரு மரம் வந்து இறங்கியது. கொட்டை பழத்துக்கு வெளியே தொங்கும் அந்த விசித்திர மரத்துக்கும் முந்திரி என்றே பெயர் விழுந்தது. தமிழ்நாட்டில் மரம் பெயரை முழுதாகப் பறித்துக்கொண்டது. கொடி, திராட்சை என்ற வடசொல்லை உடுத்திக்கொண்டு ஒதுங்கியது. யாழ்ப்பாணத்தில் வழக்குத் தலைகீழ்: அங்கே இன்னும் முந்திரிகைப் பந்தல் என்றால் திராட்சைப் பந்தல், பாயசத்து முந்திரிதான் மரமுந்திரிகை. பாயசத்தில் நெய்யில் வறுத்து இரண்டையும் சேர்த்துக் கொட்டுகிறோமே, பழைய பெயர்க்காரரும் புதுப் பெயர்க்காரரும் அங்கே ஒரே கரண்டியில்.

செடிகளுக்குப் பெயர் வைத்தவர்களும் நமக்குத் தூரத்தவர்கள் அல்லர். கார்ல் லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் வைத்தியராகத் தரங்கம்பாடியில் வந்திறங்கி, சோழமண்டலக் கரையின் செடிகளைப் பறித்து உலர்த்தத் தொடங்கினார். அந்த வழியில் வந்த மிஷனரி ராட்லர், செடிகளைக் காகிதத்தில் ஒட்டியது போக மீந்த வாழ்நாளில் தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றையும் தொகுத்தார். அது 1834 முதல் சென்னையில் அச்சேறியது. ஒரே மனிதர் இலைகளையும் சொற்களையும் அடுக்கியது எனக்கு இயல்பாகவே படுகிறது. இரண்டிலும் கணுவைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நம் காலத்தில் அந்த வேலையைத் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரப்பினாட் உலர்தாவரக் கூடத்தை 1967இல் தொடங்கிய பாதிரியார் கே. எம். மேத்யூ செய்தார். தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய தொகுதிகளில் கோட்டுச் சித்திரங்கள் தனி நூலாகவே வந்தன. நிறமில்லை, நிழலில்லை. ஒரு கணு, ஒரு இலை, பிளந்த ஒரு பூ, வெட்டிய ஒரு காய். நயம் பார்க்கிறவர்களுக்கு அதைவிட நல்ல படப்புத்தகம் இல்லை.

அந்தச் சித்திரம் கேட்டது பூவை. நான் பூவுக்குக் காத்திருந்தேன்.

ஐப்பசி மழை இரண்டு தரம் அடித்து ஓய்ந்த ஒரு காலையில், கம்பி வரவேண்டிய ஒரு கணுவில் குடைபோல விரிந்த ஒரு சின்னக் கொத்து வந்திருந்தது. இலைக்கு எதிரே, எதிர்பார்த்த இடத்தில். மொட்டு ஒவ்வொன்றும் கேழ்வரகுக்குக் கொஞ்சம் பெரிசு. சுருளிப்பட்டியில் திராட்சைப் பூவைப் பார்த்து வைத்திருந்தேன். அந்தப் பூவுக்கு ஐந்து இதழ், ஆனால் இதழ்கள் விரிவதே இல்லை. உச்சியில் ஒட்டிக்கொண்டபடி அடியில் அறுந்து, ஐந்தும் சேர்ந்து ஒரு குல்லாவாகக் கழன்று விழும். குல்லா போனபின் ஐந்து கேசரங்கள் நிமிர்ந்து நிற்கும். ஒரு கொத்து முழுக்கப் பூத்திருந்தாலும் தூரத்திலிருந்து பார்த்தால் இதழே இல்லாத பச்சைத் தூசிபோல இருக்கும். பக்கத்தில் போனால் மெல்லிய ஒரு வாசனை.

மடக்குக் கண்ணாடியைக் கிணற்றடிப் பூவின்மேல் வைத்தேன். எறும்பு ஒன்று குறுக்கே வந்தது, அது போகும்வரை பொறுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி எண்ணினேன். நான்கே இதழ். நடுவில் பளபளக்கும் ஒரு குட்டிக் கிண்ணம், அதில் தேன். கிண்ணத்தைச் சுற்றி நான்கு கேசரங்கள், இதழுக்கு நேராக ஒவ்வொன்று. பக்கத்து மொட்டிலும் நான்கு. குல்லா இல்லை, ஐந்து இல்லை.

ஆக, இது திராட்சையின் பேரினம் இல்லை, பிரண்டையின் பேரினம். தாவரவியலில் அதற்குச் சிஸ்ஸஸ் என்று பெயர். அதில் நம் சமவெளி வேலிகளில் திராட்சை இலையோடு திரிகிற ஒன்றுக்கு, 1753இலேயே லின்னேயஸ் பெயர் வைத்துவிட்டார்: சிஸ்ஸஸ் விட்டிஜினியா. விட்டிஜினியா என்ற லத்தீன் சொல்லுக்கு ‘திராட்சைக்கொடிக்குரிய’ என்று பொருள். இந்தியாவை ஒருநாளும் பார்க்காத ஸ்வீடன்காரருக்கும் முதல் பார்வையில் தோன்றியது பெரியம்மாவுக்குத் தோன்றியதேதான். அவர் பார்த்ததும் இலையின் முகத்தை, சொன்னதும் திராட்சையை. எண்ணிய பிறகும் அந்த முகச்சாயலைக் கைவிட மனமில்லாமல் பெயரிலேயே ஒட்டிவைத்துவிட்டார் போலும்.

காயும் வந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரியது, பச்சையாக இருந்து கருநீலமாக மாறியது. ஒன்றை நசுக்கினேன். உள்ளே ஒரே ஒரு கொட்டை, சதை பெயருக்கு. பன்னீர் திராட்சையில் இரண்டு, மூன்று, சிலதில் நாலு கொட்டையும் அகப்படும். விதை இங்கே எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை, கழுத்தை நிமிர்த்தினால் தெரிகிற உயரத்தில் உட்கார்ந்திருந்தது. கொண்டைக்குருவி ஒன்று துணிக்கயிற்றில் அமர்ந்து, எங்கள் கொத்திலிருந்து ஒரு பழத்தைப் பறித்து விழுங்கியது. வாலைத் தூக்கியது. துவைகல்லில் ஊதாக் கறை. போன வருடம் இதேபோல ஏதோ ஒரு வேலியில் தின்றுவிட்டு வந்து இந்தக் கயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் துப்பிய இடத்திலேயே குருவியும் தன் பங்கைப் போட்டிருக்கிறது. துணிக்கொடி இருந்ததால்தான் கொடி அதன் அடியிலேயே முளைத்தது. முளைத்ததும் தலைக்கு மேலேயே கொழுகொம்பு தயார்.

பெரியம்மாவிடம் தீர்ப்பைச் சொன்னேன். மோவாயில் கை வைத்துக் கேட்டார்.

“திராட்சை இல்லேங்கிறே.”

“இல்ல பெரியம்மா. பிரண்டைக்குக் கூடப்பிறந்தது. திராட்சைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி.”

“அப்ப சொந்தம்தானே. இருந்துட்டுப் போவட்டும். துணிக்கு அந்தாண்ட ஒரு கொடி கட்டிடு.”

மாட்டுக்கொட்டகைத் தூணுக்கும் பூவரசுக்கும் குறுக்கே புதுக்கயிறு கட்டினேன். பழைய கயிற்றில் இருந்த கிளிப்புகளைக் கழற்றி மாற்றும்போது ஒன்று மட்டும் வரவில்லை. சிவப்புப் பிளாஸ்டிக் கிளிப், கொடிக்கம்பி அதை மூன்று சுற்றுச் சுற்றி மரம்போல் முற்றிக் காய்ந்திருந்தது. சுருளை எண்ணினேன். வலமாக ஏழு. நடுவில் கடுகளவு நேர்க்கோடு. இடமாக ஏழு.